ஐம்பத்துமூன்று கிலோவும் பவுனும்

ஏப்ரல் 2, திங்கள். ஊட்டி.

என்ன சாப்பிடுகிறேன் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன். காலை: அரை இட்லி. மதியம்: ஒரு வெள்ளரிக்காய். இரவு: மீதி அரை இட்லி. முடிந்தது. இதற்கு எதற்கு முழு நோட்டு வாங்கச் சொன்னார் என்று தெரியவில்லை. பக்கம் வீணாகப் போகக்கூடாதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

டாக்டருக்காக: பெயர் தணிகைவேல். பந்தயச் சீட்டில் டி. வேல் என்று போடுவார்கள். வயது முப்பத்தொன்று. வேலை ஜாக்கி. மழைக்காலம் முடிந்தால் சென்னை, வெயில் வந்தால் ஊட்டி என்று குதிரைகள் எங்கே போகின்றனவோ அங்கே நானும் போவேன். ஊட்டி மாமியார் வீடும்கூட. என் மனைவி பிரமிளா இந்த ஊர்க்காரி. பேக்கரியில் வேலை. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, பட்டினி கிடக்க வேண்டியவனுக்கு வாய்த்தவள் வர்க்கி பிஸ்கட் போடுகிறவள். வேலை முடிந்து வரும்போது அவள் தலைமுடியிலிருந்து சுட்ட மாவும் நெய்யும் மணக்கும். நான் ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இன்றைய எடை ஐம்பத்தேழு. பந்தயத்தில் ஏற இருக்க வேண்டியது ஐம்பத்துமூன்று. என் உயரத்துக்குக் குறைந்தது அறுபத்தைந்து இருக்க வேண்டுமாம், டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் படம் சொல்கிறது. குதிரைகள் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 4, புதன்

காலை: டீ, சீனி இல்லாமல். மதியம்: போதுமான அளவு. இரவு: போதுமான அளவு.

ஏப்ரல் 6, வெள்ளி

இன்று பவுனு லாரியில் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். பந்தயச் சீட்டில் அவளுக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. காலை வெயிலில் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல ஒரு நிறத்தில் நிற்பாள் என்பதால் லாயத்தில் எல்லோருக்கும் பவுனு. நான்கு வயது. நான் ஏறிய குதிரைகளில் இவளைப்போல ஓடுகிற குதிரை இரண்டோ மூன்றோதான். ஓட ஆரம்பித்தால் கீழே தரை இருப்பதே தெரியாது. ஆரம்பித்தால். அதுதான் சிக்கல்.

டாக்டருக்குக் கேட் என்றால் என்னவென்று தெரியாது. பந்தயம் தொடங்கும் இடத்தில் இரும்புக் கூண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குதிரை நுழையும் அகலம்தான். ஜாக்கியோடு குதிரை உள்ளே போனதும் பின்கதவைச் சாத்துவார்கள். எல்லாக் குதிரைகளும் நின்ற பிறகு முன்கதவுகள் ஒரே நேரத்தில் படீரென்று திறக்கும். பவுனு அந்தக் கூண்டுக்குள் போகமாட்டேன் என்கிறாள். சென்னையில் இரண்டு பந்தயங்களில் அவளை வெளியே நிறுத்திவிட்டே மற்ற குதிரைகளை ஓடவிட்டார்கள். இப்போது பந்தயக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஊட்டியில் கேட் பரீட்சை. இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் நுழையாவிட்டால் இனிமேல் எந்தப் பந்தயத்துக்கும் அவள் பெயரைத் தரக்கூடாது.

எங்கள் டிரெயினர் உத்தமன் சார் முகத்தில் ஈயாடவில்லை. திருப்பூர் முதலாளிதான் பவுனுக்குச் சொந்தக்காரர். போனில் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டாராம். "பெயிலாயிட்டா ஏரிக்கரையில சவாரி விடுறவங்க யாருக்காவது குடுத்துருங்க. தீனி போட்டு வச்சிருக்க என்னால ஆகாது."

ஏரிக்கரைக் குதிரைகளைத் தினமும் பார்க்கிறேன். தார் ரோட்டில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், அழுகிற குழந்தையையும் போட்டோ எடுக்கிற அப்பாவையும் சுமந்துகொண்டு போகின்றன. பழகிய மட்டக்குதிரைகள், பாவம், போகின்றன. பவுனு முதல் நாளே யாரையாவது கீழே தள்ளுவாள். அதற்குப் பிறகு அவளை யார் வைத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, ஞாயிறு

இரண்டாவது பந்தயத்தில் ஒரு கிழட்டுக் குதிரை. சேணத்தையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன். முள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. தாண்டினால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அது சட்டம். "நாலாம் நம்பர், ஜாக்கி வேல், ஒன்றரை கிலோ அதிகம்." மைதானம் முழுக்கக் கேட்டது. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் பஜ்ஜியைத் தூக்கிக் காட்டி, "இன்னொண்ணு வேணுமாண்ணே?" என்றான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஐந்தாவதாக வந்தேன்.

காலை: ஒன்றுமில்லை. மதியம்: ஒன்றுமில்லை. இரவு: போதுமான அளவு.

ஏப்ரல் 10, செவ்வாய்

விடிகாலையில் பவுனை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது இறங்கி நடந்தே வந்தேன். சட்டைக்குள் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ரெயின்கோட். இப்படி நடந்தால் அரை கிலோ வேர்வையாகப் போகும். எல்லா ஜாக்கிகளும் செய்வதுதான்.

மைதானத்திலிருந்து லாயத்துக்கு வர இரண்டு வழி. ரோட்டைச் சுற்றி வரலாம். அல்லது இரண்டு மதில்களுக்கு நடுவில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது, அதில் நுழைந்தால் நேரே லாயம். சுற்றிப் போகத் தெம்பில்லை. நேரமில்லை என்று எழுத வந்தேன். சந்தில் நுழைந்துவிட்டேன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். பவுனு பின்னால் வந்தாள். வழியெல்லாம் என் பிடரியை நக்கிக்கொண்டே வந்தாள், வேர்வையில் இருக்கும் உப்புக்காக. காலர் முழுக்க எச்சில். துவைக்கப் போட்டபோது பிரமிளா முகத்தைச் சுளித்தாள்.

பவுனைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் மொய்தீன் பாய் லாய வாசலில் நின்று வாயைப் பிளந்தார். "சந்துல வந்தாளா? இவளா?" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. ஊட்டியில் காற்று லேசு, எல்லோருக்கும் அப்படித்தான். போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, வியாழன்

முதல் பரீட்சை. தோல்வி.

கேட் ஆட்களைப் பற்றி எழுத வேண்டும். குதிரையோடு செய்கிற வேலைகளில் இதுதான் கடைநிலை வேலை என்பது ஜாக்கிகளின் எண்ணம். இரண்டு பேர் குதிரைக்குப் பின்னால் கைகோத்துக்கொண்டு தள்ளுவார்கள். ஒருவன் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்து, முன்கதவுக்குக் கீழே குனிந்து வெளியே ஓடுவான். குனிகிறவர்கள் என்றுதான் நாங்கள் அவர்களைச் சொல்வோம். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

பவுனு மேல் நான். முன்னால் ஒருவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தான். அவள் தலையைத் தூக்கி நாலு காலையும் ஊன்றினாள். பின்னால் தள்ளினார்கள். ஊன்றினாள். கண்ணைக் கட்டினார்கள். நடுங்கினாள், ஊன்றினாள். சாட்டையைத் தொட்டேன். தொட்டேன் என்றால் அடித்தேன். முன்னங்கால்களைத் தூக்கினாள். நான் கீழே. மழை பெய்து சேணம் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது.

மொய்தீன் பாய் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்துத் துப்பினேன், விழுங்கவில்லை.

"அவ தூக்குறதுக்கு முன்னாடியே நீ சாஞ்சிட்டியே வேலு. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

"சேணம் வழுக்கிருச்சு பாய்."

"ஆமா ஆமா, சேணம்தான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், கண் சரியில்லை.

ஏப்ரல் 14, சனி

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். பிரமிளா இலை போட்டு உட்காரவைத்துவிட்டாள். மறுக்க முடியவில்லை. எல்லாம் சாப்பிட்டேன். உண்மையிலேயே சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தம்ளர்.

பிறகு ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு தொட்டபெட்டா ரோட்டில் ஓடிவிட்டு வந்தேன். திரும்பியபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு என் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டாள். எனக்கு விரல் மடங்கவில்லை, குளிர்.

ஏப்ரல் 17, செவ்வாய்

இன்று சண்டை. அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, குதிரையோடயே இருக்கணும்னா அது மேல உக்காந்துதான் இருக்கணுமா?"

"பின்ன? கீழ உக்காந்தா மிதிச்சிரும்."

"கிண்டல் பண்ணாதீங்க. குன்னூர் பக்கம் ஒரு பெரிய ஸ்கூல்ல குதிரை ஏத்தம் சொல்லித்தர ஆள் கேக்குறாங்க. எங்க பேக்கரிக்கு வர்ற டிரைவர் சொன்னாரு."

"பணக்காரப் பிள்ளைங்களை மட்டக்குதிரை மேல ஏத்தி ரவுண்டு சுத்துறதா?"

"சரி, போலீஸ்ல குதிரைப் படை இருக்குல்ல?"

"எனக்கு வயசாயிருச்சு. அப்படியே எடுத்தாலும் பீச்சுல சுண்டல் விக்கிறவனை விரட்டணும்."

"லாடம் அடிக்கிற வேலை?"

"முதுகு ஒடிஞ்சிரும்."

"உத்தமன் சார்கிட்டயே அசிஸ்டென்ட்டா?"

"அவர் போன்ல முதலாளிங்ககிட்டத் திட்டு வாங்குவார். நான் பக்கத்துல நின்னு வாங்கணும்."

"குட்டிக்குதிரை வளர்க்கிற பண்ணை எதுலயாவது..."

"பிரமி, நான் ஜாக்கி."

அவள் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். "நான் கட்டிக்கிட்டது அறுபது கிலோ ஆளை. இப்ப பாதி ஆளுதான் வீட்டுக்கு வர்றாரு. அந்த மிச்சப் பாதியை எங்க விட்டுட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியணும்."

கணக்குத் தப்பு. நான் ஐம்பத்தைந்தரை இருக்கிறேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

பிரமிளாவின் வாயை அடைக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். புல்தரை, வெள்ளை வேலி, எட்டுக் குதிரைகள். எல்லாம் தின்று கொழுத்தவை. பார்க்கப் பொறாமையாக இருந்தது, உடம்பைச் சொல்கிறேன். பொறுப்பாளர் அம்மா மரியாதையானவர். சம்பளம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்றார். மூன்று வேளை என்பதை மட்டும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். நாலைந்து பிள்ளைகள். லகானை எப்படிப் பிடிப்பது, முழங்காலை எங்கே வைப்பது என்று சொன்னேன். ஒழுங்காகத்தான் போனது. வண்ணக் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி, ஒன்பது வயதிருக்கும், கையைத் தூக்கினாள்.

"அங்கிள், நீங்க ரேஸ்ல ஓட்டுவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப குதிரையை அடிப்பீங்களா?"

"அடிக்கிறதுன்னு இல்ல. வேகமாப் போகச் சொல்றது."

"வாயால சொன்னாப் போகாதா?"

மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்மாவும். கடைசியில், "லகானைப் பிடிங்க, குதிரை நகருது" என்று சமாளித்தேன். குதிரை நகரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ் வந்துவிடும் என்றேன்.

ஏப்ரல் 21, சனி

வாயால் சொன்னால் போகாதா. பெரிய கேள்விதான்.

ஏப்ரல் 22, ஞாயிறு

ஐம்பத்துமூன்று! தராசில் முள் சரியான இடத்தில் நின்றது. ஒலிபெருக்கி என் பெயரை எடுக்கவில்லை. இரண்டாவதாக வந்தேன். கடைசி வளைவில் எப்படித் திரும்பினேன் என்று ஞாபகம் இல்லை. நல்ல பந்தயம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஏப்ரல் 25, புதன். ஆஸ்பத்திரி.

நேற்று காலையில் குளியலறையில் வாளிகளில் வெந்நீர் ஊற்றிக் கதவைச் சாத்தி ஆவியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து தெரிந்தது, உடைந்த தாழ்ப்பாளும் பிரமிளாவின் முகமும். பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள்.

டாக்டர் நோட்டைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். மாற்றுத்துணிப் பையோடு வந்துசேர்ந்து தலையணைக்கு அடியில் இருந்தது. இடது கை முழுக்க ஊசி என்பதால் அதை எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

"தணிகைவேல், உங்க கிட்னி கெஞ்சுது. இதே மாதிரி குதிரை மேல மயங்கினா நீங்க மட்டும் விழமாட்டீங்க. பின்னாடி வர்ற குதிரையும் விழும், அதுல இருக்கிறவரும் விழுவார்" என்றார். "இந்த சீசன் முழுக்க நீங்க ஏறக்கூடாது. கமிட்டிக்கு நானே சொல்லிட்டேன்."

பிரமிளா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டாக்டர் போனதும் என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. கட்டிலில் தலையை வைத்து, "நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன்" என்று அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் முதுகில் கை வைக்க வேண்டும்போல இருந்தது. ஊசி இல்லாத கையால் வைத்தேன். நானும் அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 26, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. கஞ்சி இரண்டு வேளை, உப்பு போட்டது.

மாலையில் ரோஷினி வந்தாள். பெங்களூர் ஜாக்கி, இருபத்தாறு வயது, கெட்டிக்காரி. பிறவியிலேயே நாற்பத்தெட்டுக் கிலோ. என் கண்ணெதிரே பரோட்டா தின்பவள். பவுனின் இரண்டாவது பரீட்சைக்கு அவளை ஏறச் சொல்லியிருக்கிறார் உத்தமன் சார். பிரமிளா வர்க்கித் தட்டை வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கடித்தாள். மேஜையெல்லாம் தூள்.

"அண்ணா, அவ கேட்டுக்கிட்டப் போனதும் நான் மேல என்ன பண்ணணும்?"

"விழாம இரு."

"அதுக்கில்லண்ணா. உங்களுக்குத்தானே அவளைத் தெரியும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் குதிரை, என் சேணம், என் இடம், அதில் ஏறப்போகிறவளுக்கு நானே வழி சொல்ல வேண்டுமாம். ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். பவுனு மேல் இத்தனை தடவை ஏறியிருக்கிறேன், அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவள் இரண்டு காதுகள் மட்டும். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்ததில்லை.

போகும்போது வாசலில் திரும்பிச் சொன்னாள். "மொய்தீன் பாய் சொன்னாரு, நீங்க அவளை அந்தச் சந்து வழியாக் கூட்டிட்டு வந்தீங்களாமே. பாய் நாலு நாளா முயற்சி பண்றாரு, அவ வரமாட்டேங்குறா."

ஏப்ரல் 28, சனி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

வேடிக்கை பார்க்க மட்டும் என்று பிரமிளாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனேன். அவளும் கூடவே வந்தாள், நம்பிக்கை அவ்வளவு. பனி இன்னும் விலகவில்லை. கேட் பக்கத்தில் கமிட்டி ஆட்கள், உத்தமன் சார், பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் கண்ணபிரான் சார். பரீட்சையில் பாஸா பெயிலா என்பது அவர் கையில். வேலிக்கு வெளியே நாங்கள்.

ரோஷினியைச் சுமந்துகொண்டு பவுனு வந்தாள். கேட்டுக்குப் போகிறவளை முதல் தடவையாக எதிரிலிருந்து பார்த்தேன். தூரத்தில் நன்றாகத்தான் நடந்தாள். கயிற்றைப் பிடித்தவன் அவள் பக்கம் திரும்பிப் பின்னோக்கி நடந்து இழுக்க ஆரம்பித்தானே, அப்போதுதான் மூக்குத்துவாரம் விரிந்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது. கூண்டைப் பார்த்து அல்ல. அவனைப் பார்த்து. ஒருவன் தன் முகத்தையே முறைத்துக்கொண்டு இழுக்கிறான், பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். உள்ளே என்னவோ இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேர் பாடுபடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? நாங்கள் எல்லோரும் எத்தனையோ வருஷமாக இப்படித்தான் குதிரைகளை நுழைத்துக்கொண்டிருக்கிறோம். முக்கால்வாசிக் குதிரைகள் போய்விடுகின்றன, அதனால் யாரும் யோசிக்கவில்லை.

தள்ளினார்கள். ஊன்றினாள். மறுபடி. ஊன்றினாள். கண்ணபிரான் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசி ஒரு தடவை, உத்தமன். அப்புறம் பெயில்னு எழுதிருவேன்." ரோஷினியின் கை சாட்டைப் பக்கம் போனது.

எனக்குச் சந்து ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் அவளைப் பார்க்கவே இல்லை. இழுக்கவும் இல்லை. இழுக்கத் தெம்பில்லாதவன். என் பாட்டுக்கு முன்னால் போனேன், அவள் பாட்டுக்குப் பின்னால் வந்தாள்.

"போங்க" என்றாள் பிரமிளா.

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஏறக்கூடாதுன்னுதானே? நடக்கக்கூடாதுன்னு நான் சொல்லலையே. போங்கன்னா."

வேலிக்குள் நுழைந்தேன். "சார், ஒரே தடவை. நான் முன்னாடி நடக்கிறேன். பின்னாடி யாரும் வேண்டாம்" என்றேன். கண்ணபிரான் சார் உத்தமன் சாரைப் பார்த்தார். உத்தமன் சார் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ரோஷினி, சாட்டையைக் கீழ போடு. ஒண்ணும் பண்ணாத. லகானை விட்டுரு."

"முழுசாவாண்ணா?"

"முழுசா."

கயிற்றை வாங்கித் தோளில் போட்டேன். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பயமாக இருந்தது. அவள் வரவில்லை என்றால் இத்தனை பேருக்கு நடுவில் மூக்குடைவது ஒன்று. ஏரிக்கரை இன்னொன்று. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது. பார்க்காமல் நடந்தேன். கூண்டு வந்தது. உள்ளே போனேன். இரண்டு பக்கமும் இரும்பு. தோளில் கயிறு இறுகும், இறுகும் என்று காத்திருந்தேன். இறுகவில்லை. பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. பிறகு நாக்கு. ஆஸ்பத்திரியில் அத்தனை பாட்டில் ஏற்றியும் கொஞ்சம் உப்பு மிச்சமிருந்திருக்கிறது.

பின்கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம். முன்கதவு மூடியிருந்தது. கேட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் வெளியே வர ஒரே வழிதான் உண்டு. குனிந்தேன். குனிந்து கதவுக்குக் கீழே வெளியே ஓடினேன்.

கதவு திறந்தது. பவுனு என்னைத் தாண்டிப் போனாள். புல்லும் மண்ணும் என் முகத்தில் வந்து விழுந்தன. அவள் போகிறாள், அவள் மேல் நான் இல்லை. முகத்தைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் இருந்தது.

பாஸ்.

மே 1, செவ்வாய்

கண்ணபிரான் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். கேட்டில் ஒரு ஆள் குறைகிறதாம். சீசன் முடிந்ததும் சென்னையிலும் வேலை உண்டாம். "இந்த மாதிரி மிரளுற குதிரைங்க வருஷத்துக்கு இருபது முப்பது வருதுப்பா. எல்லாத்தையும் தள்ளிக்கிட்டேதான் இருக்கோம். நீ வந்தா என்னன்னு பாரு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் பிரமிளா தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள்.

"யோசிக்க என்ன இருக்கு?"

"குனிகிறவன்னு சொல்வாங்க."

"யாரு?"

யார் சொல்வார்கள் என்று யோசித்தேன். இதுவரை சொன்னவன் நான்தான். தோசை: மூன்று. கெட்டிச் சட்னி.

மே 6, ஞாயிறு

பவுனு ஓடும் நாள். எனக்குக் கேட் வேலையில் முதல் நாள். காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டேன். பழக்கதோஷத்தில் கால் எடைபோடும் அறைப்பக்கம் போனது. தராசில் ரோஷினி ஏறி இறங்கினாள். வாசலில் நின்ற என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் எடை இனிமேல் யாருக்கும் வேண்டாம். அது கொஞ்சம் வலித்தது. பிறகு கேட் ஆட்கள் ஏறியிருந்த டெம்போவில் ஏறி மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனேன்.

அவர்கள் பெயர்: சுந்தரேசன், இப்ராகிம், லாசர், குட்டியப்பன். குட்டியப்பன்தான் பரீட்சையில் பவுனை இழுத்தவர். "அன்னைக்கு நீ பண்ணினதை எனக்குச் சொல்லிக்குடு" என்றார். "நீங்க குனியுறதை எனக்குச் சொல்லிக்குடுங்க, அன்னைக்கு முதுகுல இடிச்சிக்கிட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முழங்காலை மடக்க வேண்டுமாம், இடுப்பை அல்ல.

ஒன்பது குதிரைகள். பவுனைக் கடைசியில் விடச் சொன்னேன். ரோஷினி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கயிறு தோளில். முதுகைக் காட்டி நடந்தேன். நடக்கும்போதுதான் என் வலது கை வெறுமையாக ஆடுவதைக் கவனித்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கையில் சாட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்ட அந்தச் சிறுமியை மறுபடி பார்த்தால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது.

உள்ளே வந்தாள். பிடரியில் மூச்சு. மடக்கினேன், ஓடினேன், இடிக்கவில்லை. படீர்.

இத்தனை நாளாக எனக்கு உறைக்காத ஒன்று: கேட் ஆட்கள் பந்தயத்தைப் பார்ப்பதே இல்லை. ஒன்பது வால்களும் மண்ணும் தெரியும், அப்புறம் வளைவு. முடிகிற இடம் மைதானத்தின் எதிர்ப்பக்கம். மற்றவர்கள் அதைப்பற்றிக் கவலைப்படாமல் அடுத்த பந்தயத்துக்குக் கூண்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தின் இரைச்சலில் முதல் பெயர் கேட்கவில்லை. இரண்டாவது வேறு குதிரை. மூன்றாவது அவள்.

மூன்றாவது! இரண்டு பந்தயம் வெளியே நின்றவள். திருப்பூர் முதலாளி போனில் உத்தமன் சாரிடம், சென்னை சீசனுக்கும் அவள் இருக்கட்டும் என்று சொன்னாராம். குட்டியப்பன் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார், இடித்த இடத்திலேயே.

மாலை லாயத்துக்குப் போனேன். சந்து வழியாக அவளைக் கூட்டிவந்தது மொய்தீன் பாய். முன்னால் நடந்து, கயிற்றைத் தோளில் போட்டு, திரும்பிப் பார்க்காமல். வாசலில் நின்று நான் வாயைப் பிளந்தேன்.

நாளைக்கு டாக்டரிடம் நோட்டைக் கொடுக்க வேண்டும். இன்றைய கணக்கு. காலை: இட்லி நான்கு, சாம்பார். மதியம்: கேட் ஆட்களோடு எலுமிச்சை சாதம், முட்டை, லாசர் வீட்டு மீன் வறுவலில் பெரிய துண்டு. இரவு: சாதம், ரசம், பீன்ஸ் பொரியல். அதற்குப் பிறகு வர்க்கி. எத்தனை என்று பிரமிளாவைத்தான் கேட்க வேண்டும், நான் எண்ணவில்லை.